பழைய முதலாம் இலக்கம்

ஒரு பொருள் அரிதாக ஆக, அதனை உடையவனுக்குக் கவலையும் பெருகுகின்றது. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட மோட்டார் வண்டியொன்றை வைத்திருப்பவன், பழுதுற்றால் திருத்துவான், அலுத்துவிட்டால் விற்பான். அவனுக்கு அதிலே பெரிய சிந்தனை எதுவும் வேண்டியதில்லை. ஆனால், ஒரே வகையில் சில பத்து அல்லது சில நூறு வண்டிகளே செய்யப்பட்டிருக்க, அவற்றுள் ஒன்று ஒருவன் கையில் இருக்குமாயின் அவன் இரண்டு கேள்விகளுக்கு விடை காணவேண்டியவனாகின்றான். தன் தேவைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப அதனை மாற்றியமைப்பதா? அல்லது கைவைக்காது காத்து, உரிய விலைக்கு விற்பதா? மாற்றினால் வண்டி வேகமும் வலிமையும் பெறலாம். ஆயினும் அதன் அருமை கெடக்கூடும். விற்றால் பெரும் பணம் வரலாம். ஆயினும் விற்கப்படுவது இரும்பா, அந்த இரும்போடு ஒட்டிய வரலாறா என்ற ஐயம் எழும்.

இவ்வையம் 1990ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் உயர் நீதிமன்றத்திலே வழக்காக எழுந்தது. வழக்கிற் குறிக்கப்பட்ட தொகை ஒரு கோடி பவுண். வழக்குக்குரிய பொருள் ‘பழைய முதலாம் இலக்கம்’ எனப் பெயர் பெற்ற பென்ற்லி பந்தய வண்டி. அந்த வழக்கை விளங்கிக்கொள்வதற்கு, ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, அவ்வண்டி பிறந்த காலத்தையும் அதனைச் செய்தோரையும் ஓட்டினோரையும் அறிதல் வேண்டும்.

வோல்ற்றர் ஓவன் பென்ற்லி என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1888இற் பிறந்தவர். முதலாம் உலகப்போர் முடிந்த பின்னர், 1919ஆம் ஆண்டிலே தம் பெயரால் ஒரு மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். இலண்டனின் வடமேற்குப் பகுதியாகிய கிறிக்கிள்வூட்டில் அவரது தொழிற்சாலை அமைந்தது. அவர் செய்த வண்டிகள் பருத்த உடலும் உறுதியான உறுப்புகளும் கொண்டவை. பிரான்சு நாட்டின் லே மான் நகரையடுத்த பொது வீதிகளில் 1923ஆம் ஆண்டிலே இருபத்துநான்கு மணி நேரப் பந்தயம் தொடங்கியபோது, அவ்வண்டிகளின் உறுதிக்கு ஏற்ற களம் கிடைத்தது. பகலும் இரவும் இடைவிடாது ஓடவேண்டிய அப்பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. உடையாது நிற்கும் உரமும் வேண்டும். பென்ற்லி வண்டிகள் 1924இலும், பின்னர் 1927 முதல் 1930 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தும் அங்கே வெற்றி பெற்றன.

வெற்றிகள் வந்தனவே அன்றிச் செல்வம் வரவில்லை. நிறுவனம் கடனிலே தத்தளித்தது. தென்னாபிரிக்க வைரச் சுரங்கச் செல்வர் பார்னி பார்னாட்டோவின் மைந்தர் வூல்ஃப் பார்னாட்டோ பெருந்தொகை இட்டு, 1926இல் அதன் தலைவரானார். அவர் செல்வர் மட்டுமல்லர். தாமே சுக்கான் பிடித்துப் பந்தயம் ஓடியவர். லே மானில் அவர் கலந்துகொண்ட பந்தயங்கள் மூன்று. 1928, 1929, 1930 ஆகிய அம்மூன்றிலும் அவரே வென்றார்.

அக்காலத்தில் இத்தகைய உயர்தர வண்டிகள் வாங்கப்பட்ட முறையையும் இங்கே கூறவேண்டும். தொழிற்சாலை அடிச்சட்டத்தையும், எஞ்சினையும், சக்கரங்களையும் மட்டுமே செய்து கொடுக்கும். மேற்கூட்டை வாங்குவோர் வேறொரு வண்டிக்கூடு கட்டுவோரிடம் கொடுத்துத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்வர். ஆகவே, ஒரே வகை அடிச்சட்டத்தின்மேல் ஒருவர் மூடிய கூட்டையும், மற்றொருவர் திறந்த கூட்டையும் வைத்துக்கொள்வர். மாற்றம் என்பது அவ்வண்டிகளுக்குப் பிறவியிலேயே வாய்த்த குணம் எனலாம்.

பென்ற்லியின் ஆறரை லீற்றர் வண்டி செல்வர்க்கென அமைந்த அமைதியான வண்டி. அதன் எஞ்சினை மேலும் வலிமைப்படுத்தி 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட தனி வகைக்கு ‘ஸ்பீட் சிக்ஸ்’ எனப் பெயரிட்டனர். இவ்வகையில் மொத்தம் 182 வண்டிகளே செய்யப்பட்டன. அவற்றுள் தொழிற்சாலை தன் பந்தயக் குழுவுக்கென அமைத்தவை மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்றே, 1929ஆம் ஆண்டு லே மானில் முதலாம் இலக்கத்தைத் தாங்கி ஓடிய வண்டி.

அதே வேளையில், மாற்றுவதா வேண்டாமா என்னும் வாதம் பென்ற்லி நிறுவனத்தின் உள்ளேயே ஒரு பூசலாக வெடித்திருந்தது. சேர் ஹென்றி பேர்கின் என்னும் புகழ்பெற்ற ஓட்டுநர், நிறுவனத்தின் நாலரை லீற்றர் வண்டிக்குக் காற்றை அமுக்கி எஞ்சினுள்ளே செலுத்தும் கருவியொன்றைப் பொருத்தினால் அதன் வேகம் பெருகும் எனக் கருதினார். அக்கருவியை அமைத்தவர் அம்ஹேர்ஸ்ட் வில்லியேர்ஸ். பென்ற்லியோ அதனை அடியோடு எதிர்த்தார். வலிமை வேண்டுமாயின் எஞ்சினைப் பெரிதாகச் செய்தலே நேர்வழி. ஊதுகருவி கொண்டு சிறிய எஞ்சினை நெருக்குவது தாம் அமைத்த அமைப்பையே கெடுப்பதாகும் என்பது அவர் கொள்கை. ஆயினும் தலைவர் பார்னாட்டோ பேர்கின் பக்கம் சாய்ந்தார். லே மான் விதிப்படி அவ்வகை வண்டி ஐம்பதேனும் விற்பனைக்குச் செய்யப்படவேண்டும் என்பதால், ஐம்பது வண்டிகள் தொழிற்சாலையிலே உருவாயின. பந்தயக் குழுவுக்கென ஐந்து வேறாக அமைந்தன. இவற்றையே மக்கள் ‘புளோவர்’ பென்ற்லி என அழைத்தனர்.

பென்ற்லியின் அச்சம் பொய்க்கவில்லை. வேகம் கூடியது, உரம் குறைந்தது. 1930ஆம் ஆண்டு லே மானில் பேர்கின் தமது புளோவர் வண்டியிலே சென்று, ஜேர்மனியரான கரச்சியோலாவின் மேர்சிடிஸ் வண்டியை விரட்டிப் பிடித்த காட்சி இன்றும் பேசப்படுகின்றது. ஆனால் அந்தப் பந்தயத்தை அவ்வணியின் வண்டி எதுவும் ஓடி முடிக்கவில்லை. மேர்சிடிஸும் இடையிலே நின்றது. பார்னாட்டோவும் கிட்ஸ்ரனும் ஓட்டிய ஸ்பீட் சிக்ஸ் வண்டி முதலிடம் பெற்றது; மற்றொரு ஸ்பீட் சிக்ஸ் இரண்டாமிடம் பெற்றது. அதே ஆண்டு போ நகரில் நடந்த பிரெஞ்சுப் பெரும் பரிசுப் பந்தயத்தில் பேர்கின் புளோவர் வண்டியில் இரண்டாமிடம் அடைந்ததே அவ்வகை வண்டியின் சிறந்த பேறாக அமைந்தது.

ஆயினும் பந்தயத்தில் தோற்ற அந்த மாற்றத்தைக் காலம் வேறு விதமாக மதித்தது. பேர்கினுடைய ஓர் இருக்கைப் புளோவர் வண்டி 1932ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் புறூக்லண்ட்ஸ் வட்டப் பாதையிலே மணிக்கு 137.96 மைல் வேகத்தில் ஓடிச் சாதனை படைத்தது. அந்த வண்டியே 2012ஆம் ஆண்டு குட்வூட்டில் நடந்த ஏலத்திலே ஐம்பது இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட விலைக்குப் போயிற்று. செய்தவர் வெறுத்த மாற்றமே பிற்காலத்தார் விரும்பித் தேடும் அருமையாயிற்று. மாற்றம் எல்லாம் தீது என்றோ, மாற்றம் எல்லாம் நன்று என்றோ ஒரே சொல்லில் முடிவு கூற இயலாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி முதலாம் இலக்க வண்டியின் கதைக்கு வருவோம். 1929ஆம் ஆண்டு லே மானில் பார்னாட்டோவும் பேர்கினும் அதனை ஓட்டி வென்றனர். அவ்வாண்டில் முதல் நான்கு இடங்களையும் பென்ற்லி வண்டிகளே பிடித்தன. 1930ஆம் ஆண்டில் பார்னாட்டோவும் கிட்ஸ்ரனும் வென்றதும் அதே வண்டியில்தான் என்பது ஏற்கப்பட்ட வரலாறு. ஆனால் ‘அதே வண்டி’ என்னும் சொல்லிலேதான் பிற்காலத்து வழக்கின் முளை இருந்தது. இருபத்துநான்கு மணி நேரம் ஓடி உழைத்த வண்டி தொழிற்சாலைக்குத் திரும்பியதும் முற்றாகக் கழற்றப்படும். தேய்ந்த உறுப்பு எறியப்படும். வளைந்த சட்டம் மாற்றப்படும். மேலான உறுப்பு கிடைத்தால் அது பொருத்தப்படும். அடுத்த பந்தயத்தில் வெல்வதே தொழிலாளரின் நோக்கம். எந்த ஆணி எந்த ஆண்டுக்குரியது எனக் கணக்கு வைப்பது அவர்கள் வேலையன்று.

1930ஆம் ஆண்டு வெற்றியோடு நிறுவனம் பந்தயத்தைக் கைவிட்டது. உலகப் பொருளாதார நெருக்கடி விலையுயர்ந்த வண்டிகளை வாங்குவோரைக் குறைத்துவிட்டது. மேலும் பணம் இடப் பார்னாட்டோ முன்வரவில்லை. 1931ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நிறுவனம் கடன்காரர் பொருட்டு நியமிக்கப்பட்ட பொறுப்பாளர் கைக்குச் சென்றது. நேப்பியர் நிறுவனமே அதனை வாங்கும் என யாவரும் எண்ணியிருக்க, பெயரறியாத ஒரு நிதி நிறுவனம் கூடிய விலை கூறி வாங்கிற்று. அதன் பின்னே நின்றது றோல்ஸ் றோய்ஸ் என்பது பின்னரே தெரியவந்தது. பென்ற்லி என்ற பெயரும் வணிகப் பொருளாகக் கைமாறியது. ஆனால் முதலாம் இலக்க வண்டி பார்னாட்டோவிடமே இருந்தது. அவர் அதனை விற்கவில்லை, மாற்றினார்.

இங்கிலாந்தின் சரி மாவட்டத்திலே 1907ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புறூக்லண்ட்ஸ் பாதை, வளைவுகளில் செங்குத்தாக உயர்ந்த சீமெந்துத் தளம் உடையது. 1931ஆம் ஆண்டு அங்கே நடந்த ஐந்நூறு மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபீயும் சிறில் போலும் பார்னாட்டோவின் வண்டியை ஓட்டி வென்றனர். மறு ஆண்டு அதனினும் பெரிய வலிமை வேண்டும் எனக் கருதப்பட்டது. ஆறரை லீற்றர் எஞ்சின் அகற்றப்பட்டு, எட்டு லீற்றர் எஞ்சின் வைக்கப்பட்டது. அதனைத் தாங்குவதற்கு, பென்ற்லியின் நான்கு லீற்றர் வகைக்குரிய அடிச்சட்டம் பொருத்தப்பட்டது.

1932ஆம் ஆண்டு செப்ரெம்பர் 24ஆந் திகதி நடந்த பந்தயத்தில் ஜாக் டன்ஃபீயும் அவருடைய சகோதரர் கிளைவ் டன்ஃபீயும் அவ்வண்டியை முறைமாறி ஓட்டினர். ஜாக் இறங்கிக் கிளைவ் ஏறிய பின்னர், வண்டி உயர்ந்த வளைவின் விளிம்பைக் கடந்து அப்பால் வீழ்ந்தது. கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். ஓராண்டுக்கு முன் தமையனுக்குப் பெருவெற்றி தேடித் தந்த வண்டி, தம்பிக்கு யமனாயிற்று.

இத்தகைய நிலையில் மற்றொருவராயின் எஞ்சிய இரும்பை விலைக்குத் தள்ளியிருப்பார். பார்னாட்டோ அவ்வாறு செய்யவில்லை. சிதைவிலிருந்து மீட்கத்தக்க உறுப்புகளைக் கொண்டு வண்டியை மீண்டும் அமைப்பித்தார். இம்முறை அது பந்தய வண்டியன்று. வீதியிலே ஓட்டத்தக்க மூடிய வண்டி. ஆக, திறந்த ஸ்பீட் சிக்ஸாகத் தொடங்கி, எட்டு லீற்றர் பந்தய வண்டியாகி, பின்னர் கனவான்களின் வீதி வண்டியாக அது மூன்றாம் முறை உருமாறியது.

பின்னர் வண்டி பல கைகள் மாறியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய பல்லாண்டுகளில், பழைய பென்ற்லி வண்டிகளின் மதிப்பு சிறிது சிறிதாக ஏறியது. லே மான் வெற்றியை நினைவூட்டும் திறந்த கூட்டுக்கே பெருவிருப்பம் இருந்தது. அதனால், வண்டிக்கூடு கட்டுவோர் அக்காலத்தில் நுணுக்கமாகச் செய்த மூடிய கூடுகள் பல கழற்றி எறியப்பட்டன. அந்த அடிச்சட்டங்களின்மேல் பந்தயக் கூட்டின் சாயலில் புதிய கூடுகள் ஏறின. லே மானைக் காணாத வண்டிகள் லே மான் கோலம் பூண்டன. அழிந்துபோன கூடுகளுள் ஒவ்வொன்றும் தனித்தனி. ஒருமுறை எறிந்தபின் மீட்கமுடியாதவை. முதலாம் இலக்க வண்டியும் மூடிய கூட்டை இழந்து, லே மான் நாட்களின் திறந்த தோற்றத்தைப் பெற்றது. ஆனால் அதற்கு அக்கோலத்தின்மேல் ஓர் உரிமை இருந்தது.

1990ஆம் ஆண்டில் அதன் உரிமையாளர் வண்டியை ஒரு கோடி பவுணுக்கு விற்க ஒரு நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்தார். மோட்டார் வண்டியொன்றுக்கு இத்துணைப் பெருந்தொகை பேசப்படுவது உலகை வியக்கச் செய்தது. ஆயின் வாங்க உடன்பட்ட நிறுவனம் பின்னர் மறுத்தது. ‘லே மானில் இருமுறை வென்ற வண்டியை வாங்கவே உடன்பட்டோம், இதுவோ வேறு எஞ்சினும் வேறு அடிச்சட்டமும் வேறு கூடும் கொண்டது, இஃது அவ்வண்டி அன்று’ என்பது அதன் வாதத்தின் சாரம். உரிமையாளர் உடன்படிக்கையை நிறைவேற்றுமாறு கோரி வழக்குத் தொடுத்தார். நீதியரசர் ஒற்றன் அதனை விசாரித்தார்.

தத்துவ நூல்களில் ஒரு பழைய புதிர் உண்டு. கிரேக்க வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் காத்துவந்தனர். பலகை உளுத்தபோதெல்லாம் புதிய பலகை வைத்தனர். இறுதியில் பழைய பலகை ஒன்றும் எஞ்சாதபோது அது அதே கப்பலா என்பது கேள்வி. அறிஞர்கள் ஓய்வுடன் விவாதித்த அந்தப் புதிரை, ஒரு கோடி பவுண் காத்திருக்க, ஒரு நீதியரசர் சில நாட்களில் விடுவிக்க வேண்டியதாயிற்று.

அவர் முதலில் உறுப்புகளை எண்ணினார். 1929ஆம் ஆண்டு வென்ற வண்டியிலிருந்து, காலம் கணிக்கமுடியாத சில சிறு பொருத்துகளைத் தவிர எதுவும் எஞ்சவில்லை எனக் கண்டார். 1930ஆம் ஆண்டின் வண்டியிலிருந்து எஞ்சியவை மிதிகட்டையின் தண்டு, கியர்ப் பெட்டியின் உறை, சுக்கான் தண்டு ஆகிய மூன்றே. ஆனால் 1932ஆம் ஆண்டில் விபத்துக்குள்ளான வண்டியிலிருந்து அடிச்சட்டமும், வில்களும் அவற்றின் தாங்கிகளும், முன் அச்சும், பின் பிறேக்குகளும், எட்டு லீற்றர் எஞ்சினும், வேறு சில உறுப்புகளும் எஞ்சியிருந்தன.

இக்கணக்கை மட்டும் நோக்கினால் வாங்குவோர் பக்கமே தீர்ப்புச் சாயவேண்டும். நீதியரசர் அதனோடு நிற்கவில்லை. சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். ‘மூல வண்டி’ என இதனைக் கூறமுடியாது. மூல உறுப்புகள் இல்லை. ‘போலி’ எனவும் கூறமுடியாது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றாக இது செய்யப்படவில்லை. அழிந்துபோய்ப் பின்னர் உயிர்ப்பிக்கப்பட்டது எனவும் கூறமுடியாது. எந்த வேளையிலும் இது முற்றாக அழிந்துவிடவில்லை. ஒவ்வொரு மாற்றமும் முன்னிருந்த வண்டியின்மேலேயே செய்யப்பட்டது. புதிய உறுப்பு பழைய முழுமையோடு கலந்து அதன் பகுதியாயிற்று. தொடர்ச்சி அறுந்த கணம் என ஒன்றைக் காட்ட இயலாது. அப்பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறு வண்டியும் உலகில் இல்லை. ஆகவே இதுவே உண்மையான பழைய முதலாம் இலக்கம் எனத் தீர்ப்பளித்து, உரிமையாளர் பக்கம் வெற்றி தந்தார்.

இத்தீர்ப்பை எல்லோரும் ஏற்றனர் எனக் கூறமுடியாது. உறுப்புகளே வண்டி எனக் கருதுவோர் இன்றும் உளர். ஆயினும், மாற்றுவதா விற்பதா எனத் தடுமாறும் ஒருவனுக்கு இவ்வழக்கிலே பாடம் இருக்கின்றது. பார்னாட்டோ செய்த மாற்றங்கள் பெரியன. ஓர் எஞ்சினையும் அடிச்சட்டத்தையுமே நீக்கியவை. அப்படியிருந்தும் அவை வண்டியின் பெயரைக் கெடுக்கவில்லை. ஏன்? அவை வண்டி தன் தொழிலைச் செய்துகொண்டிருந்த காலத்தில், அத்தொழிலின் பொருட்டே செய்யப்பட்டன. அவை மறைக்கப்படவுமில்லை. எந்தப் பந்தயத்துக்காக எது மாற்றப்பட்டது என்பதைப் பிற்காலத்தார் ஆராய்ந்து கூறக்கூடியதாயிருந்தது. மாறாக, எங்கோ அமைதியாக ஓடிய அரிய மூடிய வண்டியொன்றின் கூட்டை எறிந்துவிட்டு, அது காணாத வெற்றியின் கோலத்தை அதற்குப் பூட்டுவது, அதன் உண்மையான வரலாற்றைத் துடைத்து, பிறிதொன்றின் வரலாற்றை இரவல் வாங்குவதாகும்.

பழைய வண்டிகளைப் பேணும் உலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட தூரின் பட்டயமும் இவ்வழியிலேயே செல்கின்றது. வரலாற்று வண்டியிலே தலையிடுதல் குறைவாக இருக்கவேண்டும். செய்த வேலைகள் பதிவாகவேண்டும் என்பன அதன் கருத்துகள். கழற்றிய உறுப்பை எறியாது வைத்திருப்பவன், பின்வருவோன் மீண்டும் பொருத்துவதற்கு வழி விடுகின்றான். எறிபவன் தனக்குப் பின் வருவோரது விருப்பத்தையும் சேர்த்து எறிகின்றான்.

விற்பவனுக்கும் ஒரு கடமை உண்டு. அவன் விற்பது இரும்பு மட்டுமன்று என்பதால், அதனோடு வரலாற்றையும் ஒளிவுமறைவின்றி ஒப்படைத்தல் வேண்டும். என்ன மாறியது, எப்போது மாறியது, யார் மாற்றினர் என்னும் விவரங்கள் முன்னமே எழுத்தில் இருந்திருக்குமாயின், இலண்டன் வழக்கின் பெரும்பகுதிக்குத் தேவையே ஏற்பட்டிராது.

அண்மைக் காலத்தில் பென்ற்லி நிறுவனமே பழைய புளோவர் வகையிலும் ஸ்பீட் சிக்ஸ் வகையிலும் பன்னிரண்டு பன்னிரண்டு வண்டிகளைப் பழைய வரைபடங்களைப் பின்பற்றிப் புதிதாகச் செய்ய முற்பட்டது. செய்தவர் அதே நிறுவனத்தார்; வடிவமும் அதே வடிவம். ஒவ்வோர் உறுப்பும் வரைபடத்துக்குப் பிழையின்றிப் பொருந்தும். எனினும் அவற்றுள் ஒன்றையேனும் பழைய முதலாம் இலக்கம் என எவரும் அழைக்கமாட்டார். மூன்று சிறு உறுப்புகளை மட்டுமே தன் 1930ஆம் ஆண்டின் வெற்றியிலிருந்து கொண்டுவந்த அந்தப் பழைய வண்டிக்கே அப்பெயர் உரியது. லே மானின் இரவுகளும், புறூக்லண்ட்ஸ் வெற்றியும், ஓர் இளைஞனின் மரணமும் அதன்மேல் நிகழ்ந்தவை.